ஏழு குழுக்களின் ஆட்சி: டொனமூர் அரசியலமைப்பு இயங்கிய விதம்

1931 ஆம் ஆண்டு யூலை மாதம் 7 ஆந் திகதி, கொழும்புக் காலிமுகத்திடலருகே கடலை நோக்கி நிற்கும் மண்டபத்தில் இலங்கை அரசாங்க சபை முதன்முறையாகக் கூடிற்று. சட்டநிரூபண சபையின் பயன்பாட்டுக்கெனக் கட்டப்பெற்று, அதற்கு முந்திய ஆண்டிலேயே திறந்துவைக்கப்பட்ட மண்டபம் அது. அங்கு அமர்ந்தோருள் ஆளுங்கட்சியினர் என்றோ எதிர்க்கட்சியினர் என்றோ எவரும் இலர். பிரதம மந்திரி ஒருவரைத் தெரியும் வேலையும் அவர்களுக்கு இருக்கவில்லை. அதற்குப் பதிலாக அவர்கள் தம்மை ஏழு கூறுகளாகப் பகுத்துக்கொண்டனர். உள்நாட்டலுவல்கள், கமத்தொழிலும் காணியும், உள்ளூராட்சி, சுகாதாரம், தொழில் கைத்தொழில் வர்த்தகம், கல்வி, போக்குவரத்தும் பொதுவேலைகளும் என்னும் ஏழு துறைகளுக்கும் ஒவ்வொரு நிர்வாகக் குழு அமைந்தது. ஒவ்வொரு குழுவும் தன்னுள் ஒருவரைத் தலைவராகத் தெரிந்தது. அவ்வெழுவரும் தேசாதிபதியால் மந்திரிகளாக நியமிக்கப்பட்டனர்.

டொனமூர் அரசியலமைப்பைப் பற்றி எழுதுவோர் சர்வசன வாக்குரிமையை விரித்துக் கூறி, நிர்வாகக் குழுக்களை ஓரிரு வசனங்களிற் கடந்துவிடுவது வழக்கம். பரீட்சைக்கு அது போதும். வரலாற்றுக்குப் போதாது. வாக்குரிமை, சபைக்குள் யார் வருவர் என்பதைத் தீர்மானித்தது. வந்தவருள் யார் ஆள்வர், எவ்வாறு ஆள்வர் என்பதைத் தீர்மானித்தது குழுமுறையே. 16 ஆண்டுகளாக இலங்கையின் பாடசாலைகளும் வைத்தியசாலைகளும் குளங்களும் வீதிகளும் இக்குழுக்களின் மேசைகளிலேயே நிர்ணயிக்கப்பட்டன. 1936 ஆம் ஆண்டில் எழுவரும் சிங்களவராயமைந்த மந்திரிகள் சபை தோன்றிய விதத்தை விளங்கிக்கொள்வதற்கும், அவ்வியந்திரத்தின் உட்புறத்தை ஆராய்தல் இன்றியமையாதது.

இம்முறை வெறும் கற்பனையிலிருந்து தோன்றியதன்று. அதற்கு முன் நடைமுறையிலிருந்த 1924 ஆம் ஆண்டின் மானிங் அரசியலமைப்பு ஒரு விசித்திரமான நிலையைத் தோற்றுவித்திருந்தது. அதன்படி சட்டநிரூபண சபையில் 49 உறுப்பினர் இருந்தனர்; அவருள் 37 பேர் உத்தியோகப்பற்றற்றவர், 12 பேரே உத்தியோகத்தர். எனவே சபையிற் பெரும்பான்மை மக்கள் பிரதிநிதிகளிடமே இருந்தது. நிதிக்குழுவின் மூலம் அரசாங்கச் செலவினங்களை வெட்டவும் தடுக்கவும் அவர்களால் இயன்றது. ஆயினும் நிர்வாகத்தில் ஒரு திணைக்களத்தையேனும் நடத்தும் பொறுப்பு அவர்களிடம் ஒப்படைக்கப்படவில்லை. திணைக்களத் தலைவர்கள் சபைக்கு முன் நின்று விசாரிக்கப்பட்டனர். விசாரித்தவர்களோ மறுநாள் தாமே அவ்விடத்தில் அமரவேண்டி வரும் என்ற அச்சமின்றி விசாரித்தனர். கண்டிப்பதற்கு வேண்டிய அதிகாரம் யாவும் இருந்து, செய்து காட்டும் கடமை மாத்திரம் இல்லாதவிடத்து எவரும் அவ்வாறே நடந்துகொள்வர்.

இந்நிலையை ஆராய்வதற்கு 1927 இல் நியமிக்கப்பட்ட விசேட ஆணைக்குழு, டொனமூர் பிரபுவைத் தலைவராகவும், சேர் மத்தியூ நேதன், சேர் ஜெப்ரி பட்லர், தொழிற்கட்சியைச் சேர்ந்த டாக்டர் டிரம்மண்ட் ஷீல்ஸ் ஆகியோரை உறுப்பினராகவும் கொண்டது. அது 1927 நவம்பரில் இலங்கையை அடைந்து, 1928 சனவரியில் திரும்பிச் சென்றது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் அதன் அறிக்கை வெளியாயிற்று. ஏறத்தாழ இரண்டு மாத காலத்திற் கேட்டவற்றைக்கொண்டு ஒரு நாட்டின் ஆட்சியமைப்பையே மாற்றியெழுதிய துணிவு வியப்பிற்குரியதுதான்.

ஆணைக்குழுவினர் கண்ட பிரச்சினை இது. பொறுப்பாட்சியை வழங்குவதாயின் பிரித்தானிய மரபின்படி மந்திரிசபை முறையே வழங்கப்படல் வேண்டும். ஆனால் மந்திரிசபை முறைக்கு அடிப்படையானவை கட்சிகள். இலங்கையிற் கொள்கையடிப்படையிலான கட்சிகள் அன்று இல்லை. 1919 இல் தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசே ஓரளவு அகன்ற இயக்கமாக இருந்தது. அதன் முதற்றலைவராகிய சேர் பொன்னம்பலம் அருணாசலம் இரண்டொரு ஆண்டுகளுள் மனங்கசந்து அதை விட்டு நீங்கியபின், தமிழ்த் தலைவர்களுட் பெரும்பாலோர் அதற்குப் புறத்தேயே நின்றனர். இத்தகைய சூழலில் மந்திரிசபை அமையுமாயின் அது ஒரு கட்சியின் மந்திரிசபையாக அமையாது, ஓர் இனத்தின் மந்திரிசபையாகவே அமையும் என்பது ஆணைக்குழுவினர் கொண்ட அச்சம். அதேவேளை வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தையும் அவர்கள் நாட்டின் உடலை அரிக்கும் நோயாகக் கருதி அகற்ற விரும்பினர். சிறுபான்மையினருக்கு இதுவரை இருந்த காப்பினை நீக்குவோர் அதற்கீடாக வேறொன்றை வைத்தல் வேண்டுமல்லவா? அவர்கள் வைத்தது நிர்வாகக் குழுமுறை. இலண்டன் மாவட்ட சபை முதலிய உள்ளூராட்சி மன்றங்களிற் குழுக்கள் நிர்வாகத்தை நடத்தும் வழமையை முன்மாதிரியாகக் கொண்டு, அதை ஒரு நாட்டின் அரசாங்கத்துக்கே பொருத்தினர். ஆட்சியில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் பங்கு கிடைக்குமாயின், எவரும் வெளியே நிறுத்தப்பட்டவராகார் என்பது அவர்கள் எண்ணம்.

இத்திட்டத்தை இலங்கையர் ஆவலோடு ஏற்றனர் என்று கூறுவதற்கில்லை. 1929 டிசம்பரிற் சட்டநிரூபண சபையில் வாக்கெடுப்பு நிகழ்ந்தபோது 19 பேர் ஆதரித்தும் 17 பேர் எதிர்த்தும் வாக்களித்தனர். இரண்டே இரண்டு வாக்கு மேலதிகத்தில் நாட்டின் போக்கு மாறிற்று. மக்கட்டொகையில் நூற்றுக்கு நான்கு வீதமளவினருக்கே உரியதாயிருந்த வாக்குரிமை, 21 வயதடைந்த ஆண் பெண் இருபாலார்க்கும் உரியதாயிற்று. சேர் பொன்னம்பலம் இராமநாதன் இச்சீர்திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்து, முதிர்ந்த வயதிலும் இலண்டன் சென்று வாதாடினார். புதிய சபை கூடுமுன்னரே, 1930 நவம்பரிற் காலமானார். வாக்குரிமை விரிவையும் அவர் எதிர்த்தமை, இன்று அவரை மதிப்போருக்கும் சங்கடம் தருவது. எனினும், தொகையை மாத்திரம் அடிப்படையாகக் கொண்ட பிரதிநிதித்துவம் சிறுபான்மையினரை எங்கே கொண்டுசென்று நிறுத்தும் என்ற அவரது வினா, ஆறாண்டுகளின் பின் உயிர்பெற்றெழுந்தது.

அரசாங்க சபையின் அமைப்பும் அதன் நடைமுறையும் இனி நோக்கற்பாலன. சபையில் 61 உறுப்பினர் இருந்தனர். அவருள் 50 பேர் பிரதேசத் தொகுதிகளிலிருந்து தெரியப்பட்டவர். 8 பேர் தேசாதிபதியின் நியமனம் பெற்றவர். எஞ்சிய மூவரும் பிரதம செயலாளர், சட்டச் செயலாளர், நிதிச் செயலாளர் என்னும் அரச உத்தியோகத்தர். இம்மூவர் பேசலாம், வாக்களித்தல் இயலாது. ஆயினும் வெளிவிவகாரம், பாதுகாப்பு, நீதிபரிபாலனம், திறைசேரி, பொதுச்சேவை என, ஓர் அரசின் முள்ளந்தண்டு எனத்தக்க துறைகள் அவர்களிடமே இருந்தன. ஏழு மந்திரிகளும் இம்மூவரும் சேர்ந்ததே மந்திரிகள் சபை. அதன் பிரதான கூட்டுக்கடமை வருடாந்த வரவுசெலவுத் திட்டத்தைத் தயாரித்தல். பிற விடயங்களில் ஒவ்வொரு மந்திரியும் தன் குழுவுக்கே கட்டுப்பட்டவர்.

சபை இருவகைக் கூட்டங்களாகக் கூடிற்று. சட்டங்களை ஆக்குவதற்குச் சட்டவாக்கக் கூட்டம்; குழுக்களின் நிர்வாக முடிவுகளை ஆராய்வதற்கு நிர்வாகக் கூட்டம். ஒரு விடயம் கடந்துசெல்ல வேண்டிய பாதையை நோக்கின் முறையின் இயல்பு புலப்படும். ஒரு கிராமத்தில் வைத்தியசாலை அமைப்பது பற்றிய கோரிக்கையை எடுத்துக்கொள்வோம். திணைக்களத் தலைவரின் குறிப்புடன் அது சுகாதார நிர்வாகக் குழுவுக்கு வரும். அங்கு உறுப்பினர் அனைவரும் கோவையைப் பார்த்து, வினாவி, விவாதித்து முடிவு செய்வர். மந்திரி, குழுவின் தலைவராக இருப்பினும், பெரும்பான்மை அவருக்கு எதிராக வாக்களிப்பின், தாம் விரும்பாத முடிவையே சபையில் முன்வைக்கும் நிலைக்குள்ளாவார். அதற்காக அவர் பதவி துறக்கவேண்டியதில்லை. குழுவின் முடிவு மந்திரிகள் சபையூடாக அரசாங்க சபைக்குச் சென்று, அங்கு ஏற்கப்பட்டபின் தேசாதிபதியின் உறுதிப்படுத்தலுக்குச் செல்லும். வரவுசெலவுத் திட்டத்தின் ஒரு பகுதி சபையில் தோற்கடிக்கப்பட்டாலும் அரசாங்கம் கவிழாது. கவிழ்வதற்கு அரசாங்கம் என்று ஒன்று அங்கே இருந்தாலல்லவா!

இதன் குறைகளைப் பிற்காலத்தார் நன்கு எடுத்துக்காட்டியுள்ளனர். காலதாமதம் மிகுந்தது. நியமனம், இடமாற்றம் முதலிய சிறு விடயங்களிலும் உறுப்பினர் தலையிட முற்பட்டனர். தத்தம் தொகுதிக்கு வீதியும் பாலமும் பாடசாலையும் பெறுவதற்குக் குழுவை வாய்ப்பாகக் கருதியோரும் பலர். ஏழு துறைகளும் ஏழு தனி அரசுகள் போல நடந்துகொண்டன; இவற்றை ஒருமுகப்படுத்தும் கொள்கை எதுவும் உருவாகவில்லை. இவையாவும் உண்மையே. ஆயினும், இக்குறைகளைப் பட்டியலிடுவோர் பெரும்பாலும் மந்திரியின் ஆசனத்திலிருந்தே நோக்குகின்றனர். சாதாரண உறுப்பினரின் ஆசனத்திலிருந்து நோக்கின் காட்சி வேறு. கட்சியின் கட்டளைப்படி கையுயர்த்தும் கடமை அவருக்கில்லை. அரசாங்கக் கோவையைத் திறந்து பார்க்கும் உரிமையும், திணைக்களத் தலைவரை எதிரே இருத்தி வினாவும் உரிமையும், மந்திரியின் வாக்குக்குச் சமமான வாக்கும் அவருக்கு இருந்தன. 1936 இற் சபைக்குத் தெரியப்பட்ட லங்கா சமசமாசக் கட்சியினரான கலாநிதி என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனாவும் அவ்வாட்சியையே எதிர்த்தவர்களாயினும், சபை உறுப்பினர் என்ற முறையில் அவர்களுக்கும் குழுக்களில் இடமிருந்தது. பிற்காலப் பாராளுமன்றங்களின் பின்வரிசை உறுப்பினர் எவருக்கும் இத்துணை அதிகாரம் வாய்க்கவில்லை. பாராளுமன்ற ஆலோசனைக் குழுக்கள் பின்னர் அமைந்தனவெனினும், அவற்றின் பெயரே அவற்றின் எல்லையைக் கூறிவிடுகின்றது.

குழுவைத் தன்வயப்படுத்தத் தெரிந்த மந்திரிக்கு இம்முறை தடையாகவும் இருக்கவில்லை. டீ. எஸ். சேனநாயக்கா கமத்தொழில் காணிக் குழுவைத் தொடர்ந்து தம் செல்வாக்கில் வைத்திருந்து, 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தையும் மின்னேரியா முதலிய குடியேற்றத் திட்டங்களையும் முன்னெடுத்தார். பெரி சுந்தரம் தொழில் மந்திரியாக இருந்த காலத்தில் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டமும் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டமும் நிறைவேறின. கல்வித்துறையிற் கிடைத்த பேறு யாவற்றினும் பெரிது. சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1931 முதல் 1947 வரை கல்விக் குழுவின் தலைவராகத் தொடர்ந்து இருந்தார். அவர் தலைமையில் இயங்கிய விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது; 1945 இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. திறைசேரியும் வசதி படைத்தோரும் தயங்கிய அத்திட்டம் கட்சிக் கட்டுப்பாடற்ற சபையொன்றில் நிறைவேறியது, குழுமுறையினால் எதுவும் சாதிக்க இயலாது என்போர்க்குத் தக்க விடை. 1942 ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் இவ்வரசியலமைப்பின் காலத்திலேயே என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

தேசாதிபதியின் ஒதுக்கப்பட்ட அதிகாரங்களோடு மந்திரிகள் மோதிய சந்தர்ப்பங்களும் உண்டு. 1937 இற் பிரேஸ்கேர்டில் என்னும் அவுஸ்திரேலிய இளைஞரை நாடுகடத்தத் தேசாதிபதி ஸ்டப்ஸ் கட்டளையிட்டபோது சபை அதைக் கண்டித்தது. உயர்நீதிமன்றமும் அக்கட்டளை செல்லாது எனத் தீர்த்தது. 1940 இல் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்திற் பொலிசார் சுட்டதில் கோவிந்தன் என்னும் தொழிலாளி இறந்ததைத் தொடர்ந்து, பொலிசாரின் மீது உள்நாட்டலுவல்கள் மந்திரிக்குள்ள அதிகாரம் பற்றிய தகராறு மூண்டது. மந்திரிகள் கூட்டாகப் பதவி விலகி, பின்னர் மீண்டனர். கூட்டுப்பொறுப்பு இல்லாத அரசியலமைப்பில் நிகழ்ந்த கூட்டுப் பதவி விலகல் அது.

இனி, இவ்வாய்வின் மையமாகிய விடயத்துக்கு வருவோம். 1931 இல் ஏழு குழுக்களும் தெரிந்த தலைவர்களுள், ஹட்டன் தொகுதி உறுப்பினரான பெரி சுந்தரமும், கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பிரதிநிதியாக வந்த எச். எம். மாக்கான் மாக்காரும் இருந்தனர். முன்னவர் மலையகத் தமிழர். எஞ்சிய ஐவரும் சிங்களவர். இலங்கைத் தமிழர் ஒருவரும் இலர். இதற்குச் சிங்களத் தலைவர்களை மாத்திரம் குறைகூறுதல் பொருந்தாது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ், டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியத்தை வழங்கவில்லை என்ற காரணத்தினால் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி வேண்டிற்று. ஹண்டி பேரின்பநாயகம் முதலிய அவ்வியக்கத்தார் வகுப்புவாதிகள் அல்லர். காந்தியடிகளை 1927 இல் யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தவர்கள். தென்னிலங்கையும் தம்மைப் பின்பற்றும் என அவர்கள் எதிர்பார்த்தனர். தென்னிலங்கை பின்பற்றவில்லை. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறிதாய்க் கிடந்தன. குழுக்கள் அமைக்கப்பட்ட வேளையில் அங்கு இல்லாதார்க்கு, அமைந்தபின் வந்து சேர்வதாற் கிடைக்கும் பலன் சிறிதே. இலட்சியம் உயர்ந்ததாயிருந்தது, அதன் விலையும் உயர்ந்ததாயிருந்தது.

1936 மார்ச்சில் இரண்டாவது அரசாங்க சபை கூடியபோது ஏழு குழுக்களும் ஏழு சிங்களவரைத் தலைவராகத் தெரிந்தன. சேர் டீ. பி. ஜயதிலக்கா, டீ. எஸ். சேனநாயக்கா, கன்னங்கரா ஆகியோர் மீண்டும் வந்தனர். எஸ். டபிள்யூ. ஆர். டீ. பண்டாரநாயக்கா, டபிள்யூ. ஏ. டி சில்வா, ஜீ. சீ. எஸ். கொறயா, ஜே. எல். கொத்தலாவலை ஆகியோர் புதியவர். பெரி சுந்தரத்துக்கும் மாக்கான் மாக்காருக்கும் இருந்த இடங்கள் மறைந்தன. சட்டத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. மாறியது உறுப்பினர் பகிர்ந்தமைந்த விதமே.

அக்கணக்கு எளிமையானது. அரச உத்தியோகத்தர் மூவரையும் நீக்கினால் 58 உறுப்பினர். அவர்களை ஏழாகப் பகுத்தால் குழுவொன்றுக்கு எட்டுப்பேர் அல்லது ஒன்பதுபேர். எட்டுப்பேர் குழுவிலாயினும் ஒன்பதுபேர் குழுவிலாயினும் ஐவர் ஒன்றுபட்டால் தலைவரைத் தெரிந்துவிடலாம். ஐயேழு முப்பத்தைந்து. ஆகவே 35 பேர் ஒரு மனத்தினராகி, குழுவுக்கு ஐவர் வீதம் தம்மைப் பகிர்ந்துகொண்டால் ஏழு மந்திரிப் பதவிகளும் அவர்களுடையனவே. எஞ்சிய 23 பேருக்கும் ஒரு பதவிதானும் கிடைக்காது. சபை முழுவதும் ஒன்றாக இருந்து விகிதாசார அடிப்படையில் எழுவரைத் தெரிந்திருப்பின், அந்த 23 பேரும் மூவரை அல்லது குறைந்தது இருவரையேனும் பெற்றிருப்பர். தெரியப்பட்ட உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் சிங்களவராயிருந்தமையால், 35 என்னும் தொகை எட்டாத தொகையன்று. எவர் எக்குழுவிற் சேர்வது என்பதைத் தீர்மானிப்பதும் சபையே ஆதலின், பகிர்ந்தமைக்கும் வல்லமையும் பெரும்பான்மையோரிடமே இருந்தது. சபை முழுவதிலும் ஒருமுறை வெல்லும் பெரும்பான்மை, ஏழு அறைகளில் ஏழுமுறை வென்றது. சிறுபான்மையினரை ஒவ்வோர் அறையிலும் வைத்திருந்த அதே ஏற்பாடு, ஒவ்வோர் அறையிலும் அவர்களைச் சிறுபான்மையினராகவே வைத்திருந்தது.

இக்கணக்கை வகுத்துக் கொடுத்தவர் ஒரு தமிழர் என்பது பலராலும் எழுதப்பட்டு வந்துள்ளது. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியிற் கணிதப் பேராசிரியராயிருந்த சி. சுந்தரலிங்கமே அவர். இன ஒதுக்கல் அன்று அதற்குக் கூறப்பட்ட நியாயம். மேலும் அரசியற் சீர்திருத்தம் வேண்டும் என மந்திரிகள் கோரியபோதெல்லாம், மந்திரிகளிடையே ஒருமித்த கருத்து இல்லை என்பது மறுப்பதற்கு ஏதுவாயிற்று. ஒருமனப்பட்ட மந்திரிகள் சபை அமையுமாயின் அத்தடை நீங்கும் என வாதிக்கப்பட்டது. அவ்வாறே 1937 இல் மந்திரிகள் ஒருமித்த கோரிக்கையொன்றை அனுப்பினர். ஆனால் விளைவு எதிர்பார்த்தவாறு அமையவில்லை. எழுவரும் ஓரினத்தவராயிருந்தமையாலேயே அவர்களது ஒருமைப்பாடு நாட்டின் ஒருமைப்பாடாக ஏற்கப்படாது போயிற்று. சிறுபான்மையினரின் கருத்துகளையும் அறிந்து அறிக்கையிடும் பணி தேசாதிபதி கல்டெகொட்டிடம் சென்றது. பருத்தித்துறை உறுப்பினர் ஜீ. ஜீ. பொன்னம்பலம் சமபல பிரதிநிதித்துவக் கோரிக்கையை முன்வைத்துத் தமிழரிடையே முதன்மை பெற்றதற்கு, 1936 இன் மந்திரிகள் சபை அளித்த ஆதாரத்தைவிட வலிய ஆதாரம் வேறில்லை.

இவ்விடத்தில் ஒரு வினா எழுகின்றது. 1936 இன் விளைவுக்குப் பொறுப்பாளி யார்? மந்திரிசபை முறையாயின் இவ்வினாவுக்கு விடை எளிது. தன் சகாக்களைத் தெரிபவர் பிரதம மந்திரி. எவரை விலக்கினார் என்பதற்கு அவரே விடையளிக்கவேண்டியவர். குழுமுறையிலோ கல்விக் குழு தனக்குத் தகுந்தவரைத் தெரிந்தது. சுகாதாரக் குழு தனக்குத் தகுந்தவரைத் தெரிந்தது. ஏழு குழுக்களும் தத்தம் உரிமைக்குட்பட்டே நடந்தன. ஏழும் சேர்ந்த மொத்த விளைவை எவரும் தீர்மானித்ததாக ஏட்டில் இல்லை. சபைத்தலைவர் எனப்பட்ட ஜயதிலக்காவுக்கும் மந்திரிகளை நியமிக்கவோ நீக்கவோ அதிகாரம் கிடையாது. அனைவர்க்கும் பங்களிக்கவென அமைந்த முறை, விலக்கியவர் எவர் என்று சுட்டிக் காட்ட முடியாதவாறு விலக்கும் வழியையும் வைத்திருந்தது. மந்திரிசபை அமையின் ஓரினத்தின் மந்திரிசபையாகும் என்று அஞ்சிய ஆணைக்குழுவினர், தாம் அஞ்சியதையே பொறுப்பாளியற்ற வடிவில் உண்டாக்கக்கூடிய கருவியை விட்டுச்சென்றனர். அதே சபையிற் சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி சபாநாயகராகத் தெரியப்பட்டமையை ஈடாகக் காட்டுவோர் உளர். சபாநாயகர் பதவி பெருமைக்குரியது. நிர்வாக அதிகாரம் உடையதன்று.

1938 இற் கல்டெகொட் அனுப்பிய அறிக்கை, நிர்வாகக் குழுக்களை ஒழித்து மந்திரிசபை முறையை நிறுவுமாறு விதந்துரைத்தது. யுத்தம் அதைத் தாமதப்படுத்திற்று. இடையில், 1942 இல் ஜயதிலக்கா இலங்கையின் பிரதிநிதியாக டில்லி சென்றபோது, உள்நாட்டலுவல்கள் குழு யாழ்ப்பாண உறுப்பினரான அருணாசலம் மகாதேவாவைத் தலைவராகத் தெரிந்தது. காங்கிரசின் முதற்றலைவருடைய மைந்தர் இலங்கைத் தமிழருள் முதல் மந்திரியானார். ஓர் அறையிற் சிலர் மனம் மாறினாற் போதும், ஏழுபேர் கணக்கு உடையும் என்பதற்கு அது சான்று. மனம் மாறியதற்கு, சேனநாயக்கா அப்பொழுது தொடங்கியிருந்த சுதந்திரப் பேரப்பேச்சுக்குத் தமிழ் மந்திரி ஒருவர் தேவைப்பட்டமையும் காரணமாகலாம். 1944 இல் மந்திரிகள் தயாரித்த அரசியலமைப்பு வரைவில் நிர்வாகக் குழுக்களுக்கு இடமிருக்கவில்லை. அவ்வரைவுக்குப் பின்னணியிலிருந்து உதவியவர் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரான ஐவர் ஜெனிங்ஸ். 1944 இன் இறுதியில் வந்த சோல்பரி ஆணைக்குழுவும் குழுமுறைக்காகப் பரிந்து பேசவில்லை. தமிழ்த் தலைவர்களும் அதைக் காப்பாற்ற முனையவில்லை. பொன்னம்பலத்தின் வாதம் முழுவதும் ஆசனங்களின் தொகையைப் பற்றியதாகவே இருந்தது. குழுவறையில் ஒவ்வோர் உறுப்பினரும் பெற்றிருந்த கோவையும் வினாவும் வாக்கும் பற்றிக் கவலைப்பட்டார் மிகச் சிலர்.

1947 இற் பாராளுமன்றத் தேர்தல் நடைபெற்றது. இலவசக் கல்வியைத் தந்த கன்னங்கரா மத்துகமத் தொகுதியில் தோல்வியுற்றார். யாழ்ப்பாணத்தில் மகாதேவாவைப் பொன்னம்பலம் தோற்கடித்தார். சேனநாயக்கா பிரதம மந்திரியாகித் தம் மந்திரிசபையைத் தாமே தெரிந்தார். அதில் வவுனியாவிலிருந்து சுயேச்சையாக வந்த சுந்தரலிங்கத்துக்கு வர்த்தக மந்திரிப் பதவி கிடைத்தது. 1948 இற் பொன்னம்பலமும் கைத்தொழில் மந்திரியாகச் சேர்ந்தார். இருவரையும் எந்தக் குழுவும் வாக்களித்துத் தெரியவில்லை. பிரதம மந்திரி அழைத்தார், அவர்கள் சென்றனர். அவ்வாண்டிலேயே நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம், 17 ஆண்டுகளுக்கு முன் பெரி சுந்தரத்தை மந்திரியாக்கிய மலையக மக்களுட் பெரும்பாலோரின் பிரசாவுரிமையைப் பறித்தது. இந்திய பாக்கிஸ்தானியர் பிரசாவுரிமை மசோதாவின்மேல் எழுந்த கருத்துவேறுபாட்டினால், 1948 டிசம்பரிற் சுந்தரலிங்கம் மந்திரிசபையை விட்டு வெளியேறினார்.